மரபணு நோய்க்காக மாரத்தான் ஓடி நிதி திரட்டுவது எப்படி: ஒரு சித்தியின் குறிப்புகள்

என் அக்கா மகனுக்கு டுஷேன் தசைச் சிதைவு நோய். அந்த நோய் குறித்த ஆராய்ச்சிக்கும் அவனைப் போன்ற பிள்ளைகளின் பராமரிப்புக்கும் பணம் திரட்டத்தான் நான் மாரத்தான் ஓடுகிறேன். ‘எங்க வீட்லயும் இப்படி ஒரு நோய் இருக்கு, நானும் ஏதாவது செய்யணும், எங்கே ஆரம்பிக்கறது?’ என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓட்டம்தான் என்றில்லை. நீண்ட நடை, சைக்கிள், நீச்சல், மலையேற்றம் எதுவானாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பயிற்சி அட்டவணை எங்கே தேடினாலும் கிடைக்கும். நன்கொடை கேட்பதற்கான யோசனைகளும் அப்படித்தான். மரபணு நோய் என்று வரும்போது கூடுதலாக இரண்டு விஷயங்கள் சேர்ந்துகொள்கின்றன. ஓடப்போகும் உங்கள் உடம்பிலும் அதே மரபணு இருக்கலாம். அப்புறம், நீங்கள் சொல்லப்போகும் கதையில் ரத்த சொந்தம் அத்தனை பேருக்கும் பங்கு இருக்கிறது. இந்த இரண்டையும் பேசித் தீர்த்த பிறகுதான் ஷூ வாங்கவே போக வேண்டும் என்பேன்.

முதலில் டாக்டரைப் பாருங்கள்

டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடம்பில் உருவாகாமல் போவதுதான் டுஷேன் நோய்க்குக் காரணம். அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு ஒரே ஒரு எக்ஸ்தான், அதில் பிழை இருந்தால் நோய் வந்துவிடுகிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது ஈடுகட்டிவிடும், அவள் பிழையைச் சுமக்கும் வெறும் ‘கேரியர்’, அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றும் ஆவதில்லைதான். ஆனால் கேரியர் பெண்களில் சிலருக்குத் தசை பலவீனம் வரும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் இதயத் தசை மட்டும் மெல்ல மெல்லப் பலவீனமாகும் பெண்களும் உண்டு.

சரி, இந்தப் பிள்ளைகளுக்காக ஓட முன்வருவது யார்? பெரும்பாலும் அம்மா, அக்கா, சித்தி, பெரியம்மா. இதயத்தைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டியவர்களும் இவர்களேதான்.

நான் ஓட்டத்துக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பார்த்துப் பரிசோதனை செய்துகொண்டேன். அக்காவுக்கு இருக்கும் அதே பிழை எனக்கும் இருக்கிறது. இதயநோய் மருத்துவர் ஈசிஜி, எக்கோ என்ற இதய ஸ்கேன், இதயத்துக்கான எம்ஆர்ஐ மூன்றையும் எடுக்கச் சொன்னார். இதயம் நன்றாக இயங்குகிறது என்று தெரிந்த பிறகு, ‘ஓடலாம். சில வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும்’ என்றார். எல்லாம் சரியாக இருக்கும் கேரியர் பெண்களுக்கும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இதயப் பரிசோதனை தேவை என்பதே மருத்துவர்களின் பொதுவான வழிகாட்டல். ஓடுகிறோமோ இல்லையோ, அதைத் தள்ளிப்போடக் கூடாது.

ரத்தப் பரிசோதனையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தசை சேதமானால் ரத்தத்தில் கலக்கும் சிகே என்ற நொதியின் அளவைப் பார்ப்பார்கள். டுஷேன் பிள்ளைகளுக்கு இது இயல்பைவிடப் பல பத்து மடங்கு அதிகமாக இருக்கும். நீண்ட தூரம் ஓடினால் எந்த நோயும் இல்லாதவருக்கும் சில நாட்களுக்கு இது எகிறிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூரம் ஓடிவிட்டு திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கப் போகாதீர்கள். பயிற்சியைச் சில நாட்கள் நிறுத்திவிட்டுக் கொடுங்கள், ஓடுகிறவர் என்பதை டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

மற்ற நோய்களுக்குக் கணக்கு வேறு. ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவத்துக்கு மாற்றும் அரிவாள் செல் மரபணு ஒன்று மட்டும் இருப்பவர்கள் சாதாரணமாக நலமாகவே இருப்பார்கள். ஆனால் கடும் வெயிலில், பழக்கமில்லாத வேகத்தில் தொடர்ந்து ஓடினால் சுருண்டு விழும் ஆபத்து அவர்களுக்கு அதிகம். பயிற்சியை மெதுவாகக் கூட்டுவது, நடுநடுவே ஓய்வெடுப்பது, உடம்பு ஒரு மாதிரி இருந்தால் அந்த நிமிடமே நிறுத்துவது ஆகியவை அவர்களுக்குக் கட்டாயம். இதயத் தசை தடித்துப்போகும் நோய் வழிவழியாக வரும் குடும்பம் என்றால், இதய மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் யாரும் பயிற்சியையே தொடங்க வேண்டாம். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியை விரியவைக்கும் மார்ஃபான் நோய் உள்ள குடும்பங்களில் அதன் அகலத்தை அளந்து பார்க்காமல் இறங்கக் கூடாது.

மூளையை மெல்ல மெல்லச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோயில் நிலைமை இன்னும் நுட்பமானது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. தனக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே விரும்பாதவர்கள் அந்தக் குடும்பங்களில் நிறையப் பேர், அது அவர்களுடைய உரிமை. நிதி திரட்டப் போகிறாய், சோதித்துப் பார்த்துவிடேன் என்று யாரும் அவர்களை நெருக்கக் கூடாது. நன்கொடை கொடுப்பவர் ‘உங்களுக்கும் இருக்கா?’ என்று கேட்டால், ‘அதைப் பற்றி நான் பேசுவதில்லை’ என்பதே போதும்.

டாக்டர் ஓட வேண்டாம் என்றால் ஓடாதீர்கள். அஞ்சலோட்டம் போல் குடும்பமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு வருடத்தில் இத்தனை கிலோமீட்டர் நடப்பது என்று வைத்துக்கொள்ளலாம். நன்கொடையாளர்கள் உங்கள் நேரத்தைப் பார்த்துப் பணம் போடுவதில்லை.

யாருடைய கதை என்று கேட்டுக்கொள்ளுங்கள்

நிதி திரட்டும் பக்கத்தில் ‘என் அக்கா மகனுக்கு டுஷேன்’ என்று ஒரு வரி எழுதினாலே போதும், அக்கா கேரியராக இருக்கலாம், அவளுடைய மகளுக்கும் இருக்கலாம் என்று ஊரார் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஒருவருடைய மரபணுவைப் பற்றிச் சொல்லும்போது கூடப்பிறந்தவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அதனால் எழுதியதைப் பதிவேற்றும் முன் யார் யாரைப் பற்றியெல்லாம் அதில் தெரியவருகிறதோ அவர்கள் அத்தனை பேரிடமும் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் உறவுமுறையை எடுத்துவிட்டு ‘எனக்கு நெருக்கமான ஒரு சிறுவன்’ என்று எழுதலாம். பணம் அதனால் குறையாது.

அம்மாக்களைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘தாயிடமிருந்து மகனுக்கு வரும் நோய்’ என்ற வாக்கியம் விஞ்ஞானப்படி பாதிதான் சரி. டுஷேன் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்தப் பிழை அம்மாவிடமிருந்து வந்ததில்லை, புதிதாக ஏற்பட்டது. மற்றவர்களுக்கும் அது யாருடைய குற்றமும் இல்லை. ஏற்கெனவே தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை, நாம் நல்லது செய்வதாக நினைத்து எழுதும் ஒரு வரி குத்திவிடக் கூடாது. ‘மரபணுவில் ஏற்படும் பிழையால் வருவது’ என்று எழுதினால் போதும்.

பிள்ளையின் சம்மதமும் தேவை. அக்கா மகன் சின்ன வயதில் தரையிலிருந்து எழுந்துகொள்வதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதலில் குப்புறத் திரும்புவான். கைகளையும் கால்களையும் ஊன்றி இடுப்பை மேலே தூக்குவான். ஒரு கையை எடுத்து முழங்கால் மேல் வைப்பான், அப்புறம் மற்றதை. பிறகு தன் தொடையைத் தானே பிடித்துப் பிடித்து மேலே ஏறி நிமிருவான். இடுப்புத் தசைகள் தூக்கிவிட முடியாததால் கைகள் அந்த வேலையைச் செய்கின்றன. இதை விவரித்த 19ஆம் நூற்றாண்டு மருத்துவர் வில்லியம் கவர்ஸ் பெயரால் டாக்டர்கள் இதைக் கவர்ஸ் அறிகுறி என்பார்கள். பழைய வீடியோ வீட்டில் இருக்கிறது, அதைப் போட்டால் நன்கொடை கொட்டும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அவனிடமே கேட்டேன்.

‘வேணாம் சித்தி. நீ எழுதிக்கோ, வீடியோ வேணாம். நான் செஸ் ஆடற போட்டோ போடு.’

செஸ் படம்தான் போட்டோம். குதிரையை நகர்த்திவிட்டு எதிராளியைப் பார்த்துச் சிரிக்கும் படம். வளர்ந்த பிறகு இணையத்தில் தன் பெயரைத் தேடினால் அவன் கண்ணில் என்ன பட வேண்டும் என்பதுதான் எனக்கு அளவுகோல். முழுப்பெயர், பள்ளி, முகவரி எதுவும் போட வேண்டாம்.

பணம் எங்கே போகும்?

எதற்கு என்று முடிவு செய்யாமல் கேட்கத் தொடங்காதீர்கள். ஆராய்ச்சி, நோயாளிகளின் பதிவேடு, மரபணுப் பரிசோதனைக்கு வசதியில்லாத குடும்பங்களுக்கு உதவி, சக்கர நாற்காலி, இரவில் மூச்சுவிட உதவும் கருவி, இருமலுக்கு உதவும் கருவி என்று எத்தனையோ தேவைகள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் விருப்பம் பரிசோதனை உதவி. குடும்பத்தில் பிழை எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தால்தான் மற்ற பெண்கள் இதயத்தைப் பார்த்துக்கொள்ள முடியும். எந்த மருந்து அந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதும் அதை வைத்துத்தான் தெரியும்.

அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பதிவு எண், தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு, நோயாளிகளோ குடும்பத்தாரோ நிர்வாகத்தில் இருக்கிறார்களா என்பதைப் பாருங்கள். அவர்களுக்கு எழுதி, உங்கள் பெயரில் இப்படித் திரட்டுகிறேன் என்று அனுமதி வாங்கிவிடுங்கள். குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் இந்தப் பணத்தை ஒதுக்குவீர்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். நன்கொடை நேராக அவர்கள் கணக்குக்குப் போகும்படி இருக்கட்டும், உங்கள் சொந்த வங்கிக் கணக்கு நடுவில் வரவே கூடாது. நிதி திரட்டும் தளம் எவ்வளவு கட்டணம் பிடிக்கும் என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். நுழைவுக் கட்டணம், பயணம், ஷூ எல்லாம் என் கைப்பணம் என்று பக்கத்தில் முதலிலேயே எழுதிவிடுவேன். கேட்காமலே இதைச் சொல்லிவிட்டால் கொடுப்பவருக்கு நிம்மதி.

எப்படிக் கேட்பது

1980ல் கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ், எலும்புப் புற்றுநோயில் வலது காலை இழந்த இளைஞர், செயற்கைக் காலோடு நாட்டைக் குறுக்கே ஓடத் தொடங்கினார். தினமும் ஒரு மாரத்தான் அளவு ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவி அவரை நிறுத்தியபோது 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்திருந்தார். அவர் ஓடியது மரபுவழி நோய்க்காக அல்ல. ஆனால் அவர் கேட்ட விதத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன்: கனடாவில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு டாலர். சின்னத் தொகை, யாருக்கும் புரியும், யாரும் கொடுக்கலாம். 1981 பிப்ரவரியில் அந்த இலக்கு நிறைவேறியது. உங்கள் வேண்டுகோளும் ஒரே வரியில் சொல்லும்படி இருக்கட்டும்.

நான் சொல்வது என் தொடையைப் பற்றி. நீண்ட இறக்கத்தில் ஓடினால் அடுத்த இரண்டு நாட்கள் தொடை வலி உயிர் போகும், படி இறங்க முடியாது. நீளும்போதே இறுகி வேலை செய்வதால் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுகின்றன. ஒரு வாரத்தில் அவை ஆறி, தசை முன்பைவிட உறுதியாகிவிடும். டிஸ்ட்ரோபின் என்பது வண்டியின் ஷாக் அப்சார்பர் மாதிரி, ஒவ்வொரு அசைவின் அதிர்ச்சியையும் தாங்கித் தசை நாரின் சவ்வைக் காக்கிறது. அது இல்லாத பிள்ளைக்குச் சாதாரணமாகப் படி இறங்கினாலே சேதம். சேதம் ஆற ஆற அடுத்தது வந்துவிடும். ஒரு கட்டத்தில் தசை இருந்த இடத்தில் கொழுப்பும் தழும்புத் திசுவும் வந்து அடைத்துக்கொள்கின்றன. அந்தப் பிள்ளைகளின் கெண்டைக்கால் பருத்துத் தெரிவது அதனால்தான். பார்ப்பவர்கள் ‘நல்லா பலமா இருக்கானே’ என்பார்கள். என் வலி ஆறிவிடும், அவனுடைய தசை ஆறாது, அதற்காகத்தான் கேட்கிறேன் என்று சொல்லும்போது எதிரில் இருப்பவருக்கு நோயும் புரிகிறது, நான் ஏன் ஓடுகிறேன் என்பதும் புரிகிறது. உங்கள் நோய்க்கும் உங்கள் பயிற்சிக்கும் இப்படி ஒரு தொடர்பு கட்டாயம் இருக்கும், தேடிப் பிடியுங்கள்.

மிகைப்படுத்த மட்டும் வேண்டாம். டுஷேனுக்கு இன்னும் முழுக் குணம் கிடையாது. ஸ்டீராய்டு மருந்துகள் நடக்கும் காலத்தை நீட்டுகின்றன. மரபணுவின் ஒரு பகுதியைத் தாண்டிப் படிக்க வைக்கும் மருந்துக்கு 2016ல் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது, அது குறிப்பிட்ட வகைப் பிழை உள்ள பிள்ளைகளுக்கு மட்டும்தான் பொருந்தும். ‘உங்கள் பணம் இந்த நோயை ஒழிக்கும்’ என்று எழுதினால் அது பொய், இன்னொரு குடும்பம் அதை நம்பியும் விடும். இந்தப் பணத்தில் இத்தனை குடும்பங்களுக்குப் பரிசோதனை நடக்கும் என்று எழுதுங்கள்.

மற்றபடி நடைமுறை இதுதான். பக்கத்தைத் திறந்ததும் முதல் தொகையை நீங்களே போடுங்கள். பிறகு மிக நெருக்கமானவர்களைத் தனித்தனியாகக் கேட்டு, பக்கத்தில் கொஞ்சம் சேர்ந்த பிறகு பொதுவில் அறிவியுங்கள். காலியான பக்கத்தில் முதலில் போட யாருக்கும் கை வராது. குழுவில் போடும் செய்தியைவிடப் பெயர் சொல்லி அனுப்பும் செய்திக்குத்தான் பதில் வரும். வேலை செய்யும் நிறுவனம் ஊழியர் திரட்டும் தொகைக்கு இணையாகத் தானும் கொடுக்குமா என்று கேளுங்கள், சில நிறுவனங்களில் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கும். பயிற்சியின் நடுவில் ஒரு முறை, ஓட்டத்துக்கு முந்தைய வாரம் ஒரு முறை, ஓடி முடித்த மறுநாள் ஒரு முறை நினைவூட்டுங்கள். மறுநாள் செய்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘ஓடி முடிக்கட்டும், பார்க்கலாம்’ என்று காத்திருப்பவர்கள் அப்போதுதான் கொடுப்பார்கள்.

நோய்க்கென்று உள்ள நாளை ஒட்டித் தொடங்கினால் பேசுவது எளிது. டுஷேனுக்கு செப்டம்பர் 7. அந்த மரபணுவில் 79 பகுதிகள் இருப்பதால் 7ஆம் தேதி, 9ஆம் மாதம். ஹீமோஃபிலியாவுக்கு ஏப்ரல் 17, தலசீமியாவுக்கு மே 8, அரிவாள் செல் நோய்க்கு ஜூன் 19. அரிய நோய்கள் நாள் பிப்ரவரியின் கடைசி நாள்.

பயிற்சி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஓடிப் பழக்கமில்லாதவர் மாரத்தானுக்கு ஒரு வருடமாவது வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் 10 கிலோமீட்டர், 21 கிலோமீட்டர் ஓட்டங்களை முடித்துவிட்டு வாருங்கள். வாரத்தில் ஒரு நாள் நெடுந்தூரம், இரண்டு மூன்று நாள் குறைந்த தூரம், மற்ற நாட்களில் ஓய்வும் தசைப் பயிற்சியும். நெடுந்தூரத்தில் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். தூரத்தை வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாமல், நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைத்துக்கொண்டு போனால் முட்டி தப்பிக்கும். 30, 32 கிலோமீட்டர் வரை ஒன்றிரண்டு தடவை ஓடிவிட்டால் போதும், கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துவிடுங்கள்.

30 கிலோமீட்டர் வாக்கில் பலருக்குக் கால் கல்லாகிவிடும். தசையில் சேமித்திருந்த சர்க்கரை தீர்ந்துபோவதுதான் காரணம். அதைத் தள்ளிப்போட மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், வயிறு அதற்குப் பழகியிருக்கவும் வேண்டும். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். பயந்துபோய் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். வலி குறையட்டும் என்று ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரை போட்டுக்கொண்டு ஓட வேண்டாம், நீர்ச்சத்து குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஓடிய பிறகு சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் உடனே மருத்துவமனை. நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு வந்தால் எத்தனை பேர் பணம் கொடுத்திருந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும். கேரியராக இருக்கும் பெண்களுக்கு இதை இரண்டு தடவை சொல்வேன்.

குழந்தையும் உங்களோடு கோட்டைக் கடக்க ஆசைப்பட்டால், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓட அனுமதி உண்டா என்று அமைப்பாளர்களிடம் பல மாதங்களுக்கு முன்பே கேளுங்கள். சில ஓட்டங்களில் தனிப்பிரிவே இருக்கும், சிலவற்றில் கடைசி நூறு மீட்டருக்குக்கூட விடமாட்டார்கள். பிள்ளைக்கு ஆசை காட்டிவிட்டு அன்றைக்குத் திருப்பி அனுப்பும்படி ஆகக் கூடாது.

முடித்த பிறகு

ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி எழுதுங்கள், தொகை எவ்வளவானாலும். பக்கத்தை மூடியதும் மொத்தத் தொகை, தளம் பிடித்த கட்டணம், அமைப்புக்குப் போய்ச் சேர்ந்தது ஆகிய மூன்றையும் ரசீதோடு போடுங்கள். ஆறு மாதம் கழித்து அமைப்பிடம் கேட்டு, பணம் என்ன வேலைக்கு ஆனது என்று இன்னொரு செய்தி அனுப்புங்கள். அதில் எந்தக் குடும்பத்தின் பெயரும் வேண்டாம், இத்தனை பரிசோதனைகள் நடந்தன என்றால் போதும். அடுத்த ஆண்டும் ஓடுவதாக இருந்தால் இந்தக் கணக்கைக் கொடுத்து முடித்த பிறகே புதிய பக்கத்தைத் திறங்கள். எக்கோ எடுக்க வேண்டிய தேதியையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.